சிஸ்டருக்குக் கிடைக்காத தண்டனை

சிஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஒருமுறை கட்டிய கணவரே அவசரத்தில் "சிஸ்டர், என் சட்டை எங்கே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தலைநகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் வேலை. நல்ல கைராசிக்காரர். அரசியலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஆட்சி மாறினால் கையுறை வராது. புது சுகாதார மந்திரி வந்ததும் பழைய மந்திரி போட்ட ஒப்பந்தத்தில் ஊழல் என்று கண்டுபிடித்து அதை ரத்து செய்வார். பிறகு ஊழலே இல்லாத புது ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார். இத்தனையும் முடிந்து கையுறைகள் கப்பலேறும் நேரத்தில் மந்திரி பதவியில் இருக்க மாட்டார். அடுத்தவர் வந்து அந்த ஒப்பந்தத்தில் ஊழலைக் கண்டுபிடிப்பார். அந்த நாட்டில் ஆட்சிகள் பருவமழையை நம்பி விதைத்த பயிர் மாதிரி, முளைக்கும், கருகும். இடையில் பிள்ளை பெறுகிறவர்கள் மட்டும் யாருக்காகவும் காத்திருக்க மறுத்தார்கள்.

அரசியல் தன்னை அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு, அரசியல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கணவரின் அண்ணனுக்கு ஊரில் 'மைக்' என்று பெயர். ஒலிபெருக்கி இல்லாமலேயே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். கட்சி மாறுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது; நேரம்தான் கூடிவரவில்லை. ஆளுங்கட்சி எது என்று நன்றாகப் பார்த்து, விசாரித்து, அதில் போய்ச் சேருவார். சேர்ந்த கையோடு அது கவிழும். கவிழ்ந்ததும் வீராப்பாக எதிர்க்கட்சிக்காரராக நின்று புது மந்திரிகளை மேடைமேடையாக வெளுத்துக் கட்டுவார். புது ஆட்சி நிலைத்துவிடும் போலத் தெரிந்ததும் அதில் சேருவார். அதுவும் கவிழும்.

அப்படி ஒரு சமயம், புதிதாக வந்த சுகாதார மந்திரியை மைக் ஒரு கூட்டத்தில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார். மந்திரிக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் மைக்கை என்ன செய்வது? அவருக்கு வேலை என்று ஒன்று இருந்தால்தானே பறிக்க முடியும்? தம்பியைப் பிடிக்கலாம் என்றால் அவர் மோட்டார் மெக்கானிக், சொந்தப் பட்டறை. குடும்பத்தைச் சல்லடை போட்டுத் தேடியதில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அகப்பட்டார்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "பொதுநலன் கருதி உங்களை மாத்தியிருக்காங்க சிஸ்டர்."

"எந்தப் பொதுநலன் டாக்டர்?"

"அதை எழுதலையேம்மா."

மாற்றிய இடம், பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் இருந்த ஒரு துணைச் சுகாதார நிலையம். துறைக்குள் அதற்குக் 'கிடங்கு' என்று செல்லப்பெயர். வேண்டாதவர்களைப் போட்டுவைக்கிற இடம். அதற்கு மேல் பஸ் போகாது, ஆறு. ஆற்றுக்கு அப்பால் கிராமங்கள். பாலம் கட்ட ஒவ்வொரு ஆட்சியும் வந்து அடிக்கல் நாட்டியிருந்தது. அந்தக் கற்களை வரிசையாகப் போட்டிருந்தாலே அக்கரைக்கு நடந்து போயிருக்கலாம்.

நிலையத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மருந்துக்காரர். அவர் மனைவியின் மாமா தன் வீட்டு மாடியைக் கட்சி அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்ட குற்றத்துக்காக இவர் இங்கே அனுப்பப்பட்டிருந்தார். அலமாரியைத் திறந்து காட்டினார். முழுக்கப் பூச்சி மாத்திரை. எப்போதோ ஒரு மந்திரி நாட்டிலிருந்து குடல்புழுவை ஒழிக்கச் சபதம் எடுத்தபோது லாரி லாரியாக வந்தது. புழு ஒழிவதற்குள் மந்திரி ஒழிந்தார்.

"தலைவலின்னு யாராவது வந்தா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தண்ணி குடிச்சிட்டுத் தூங்கச் சொல்றேன். பாதிப் பேருக்குக் கேக்குது."

"மீதிப் பேருக்கு?"

"அவங்க திரும்பி வர்றதில்ல சிஸ்டர். அதனால எல்லாருக்கும் கேட்டுடுச்சுன்னு எடுத்துக்கிட்டேன்."

பிரசவ அறை என்று பலகை இருந்த இடத்தில் கட்டில் இருந்தது; அதன் மேல் யாரோ வெங்காயம் காயவைத்திருந்தார்கள். குழாயில் காற்று வந்தது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் மருந்துக்காரரின் செருப்பு. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசிமருந்து குளிர்ச்சியில் இருந்தால்தான் வேலை செய்யும். வெயிலில் வைத்தால் வெறும் தண்ணீர். சிஸ்டர் முதல் வேலையாக அந்தச் செருப்பை வெளியே எறிந்தார். இரண்டாவதாகக் கணவருக்குப் போன் செய்தார்.

"பட்டறையைப் பூட்டிட்டு ஸ்பானரை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்க அண்ணன் வாயை மூடுற வரைக்கும்."

"அப்படின்னா வீட்டையே காலி பண்ணிடறேன்," என்றார் மெக்கானிக். அவர் அதிகம் பேசாத மனிதர். குடும்பத்துக்கு வேண்டிய பேச்சை அண்ணனே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

மெக்கானிக் வந்தார், தண்ணீர் மோட்டார் ஓடியது, பெட்டி குளிர்ந்தது. சிஸ்டர் படகேறி அக்கரைக்குப் போய் வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றிரண்டாக வரத் தொடங்கினார்கள். சிக்கலான பிரசவம் என்றால் மட்டும் பஸ்ஸில் ஏற்றித் தலைநகரத்துக்கு அனுப்பிவிடுவார். போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை சிஸ்டருக்குச் சோறு இறங்காது.

இதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. புது ஆட்சி தன் எதிரிகளைத் தேடியது. ரத்தப் பரிசோதனை செய்கிற ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவள் தம்பி சுவரில் யாரையோ கேலியாக எழுதிவிட்டானாம். வரும்போது அழுதுகொண்டே வந்தவள், மறுநாள் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. அடுத்தது வந்து இரண்டு டாக்டர்களை ஒன்றாக அனுப்பியது. கணவன் மனைவி. அந்த அம்மா பிரசவ அறுவை சிகிச்சைக்காரர், கணவர் மயக்க மருந்து கொடுப்பவர். ஊர்வலத்தில் அடிபட்டு வந்தவர்களுக்கு, எந்தக் கட்சி என்று கேட்காமல் தையல் போட்டுவிட்டார்கள். விசாரணையில் அவை எதிர்க்கட்சிக் காயங்கள் என்று நிரூபணமாயிற்று.

அந்த வீணாய்ப் போன இடத்தில் இப்படித்தான் ஒரு மருத்துவமனை உருவானது. யாரும் திட்டம் போடவில்லை, போட்டிருந்தால் நடந்திருக்காது. மெக்கானிக் ஒரு பழைய ஜெனரேட்டரை உயிர்ப்பித்த வாரம், அந்த நிலையத்தின் முதல் சிசேரியன் நடந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்து மட்டுமல்ல, பஸ் வழியில் இருந்த ஊர்களிலிருந்தும் ஆட்கள் எதிர்த்திசையில் வர ஆரம்பித்தார்கள். தலைநகரத்தில் மயக்க மருந்து டாக்டர் பதவி காலியாகக் கிடந்தது. கிடங்கில் ஆள் இருந்தார். இந்த அநியாயம் துறைக்குத் தெரியவே தெரியாது. கிடங்கிலிருந்து வருகிற அறிக்கைகளை யாரும் பிரிப்பதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

சிஸ்டருக்கு அந்தக் காலம் மாதிரி ஒரு காலம் வாய்த்ததில்லை. ஒருநாள் மதியம் அடுத்தடுத்து இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி கணவரிடம் சொன்னார். "நம்மளை யாருமே கண்டுக்கலைங்க. எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க."

கண்டுகொண்டார்கள். மறுபடி ஆட்சி கவிழ்ந்து, இந்த முறை மைக் ஏற்கெனவே இருந்த கட்சியே கூட்டணி போட்டு அரியணை ஏறிவிட்டது. அவர் வாழ்நாளில் முதல்முறை. ஆனந்தத்தில் குரல் உடைந்து போன் செய்தார்.

"அம்மாடி! என்னால பட்ட கஷ்டத்துக்கு நானே பரிகாரம் பண்ணிட்டேன். பழிவாங்கப்பட்ட எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுறோம். முதல் பேரு உன்னோடது!"

"மாமா, யார் கேட்டாங்க இதை?"

"நீ கேக்க மாட்டே. உன் மனசு எனக்குத் தெரியும்."

அரசு அதற்கு 'நீதி மீட்புத் திட்டம்' என்று பெயர் வைத்தது. ஒரே வாரத்தில் நீதி கிடைத்து நிலையம் காலியானது. பரிசோதனைப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். டாக்டர் அம்மா சாமான்களைக் கட்டியபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பாப்பாவுக்கு இங்க பள்ளிக்கூடம் இல்ல."

"தப்பா நினைக்க என்ன இருக்கு டாக்டர்? நியாயம் கிடைச்சா வாங்கிக்க வேண்டியதுதானே." சொல்லிவிட்டுச் சிஸ்டரே அவர் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்ததே சிஸ்டர்தான்.

தலைநகரத்தில் அவரைப் பிரசவ வார்டின் தலைமை சிஸ்டராக உட்காரவைத்தார்கள். வாசலில் புதுப் பலகை, புதுத் தலைவர் பெயரில். உள்ளே ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். கையுறையை உறவினர்கள் வெளியே கடையில் வாங்கி வர வேண்டும். மைக்கின் தம்பி மனைவி என்பதால் எல்லோரும் எழுந்து நின்று வணங்கினார்கள். வணக்கத்துக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை.

சில மாதம் கழிந்து ஒரு காலை, காய்கறி வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிஸ்டருக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அக்கரைக்காரி. அவளுடைய மூத்த பிள்ளையைக் கையில் வாங்கியவரே சிஸ்டர்தான். இரண்டாவது குறுக்கே கிடந்திருக்கிறது. தாயைக் காப்பாற்ற முடிந்தது. குழந்தை வழியிலேயே போய்விட்டிருந்தது.

மாமியார்க்காரி வராந்தாவில் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "அங்க வந்து பார்த்தோம் சிஸ்டர், பூட்டியிருந்துச்சு. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்டயே வந்துட்டோம்."

சிஸ்டர் அந்தக் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, அந்த அம்மாள் கையில் கொடுத்தார். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் நேராக அலுவலகத்துக்குப் போனார். "என்னைப் பழையபடி கிடங்குக்கே மாத்திடுங்க. நானே விருப்பப்பட்டுக் கேக்கறேன்."

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "விருப்பப்பட்டுப் போறதுக்கு அங்க இடம் இல்லையே சிஸ்டர். அது தண்டனைக்குன்னு ஒதுக்கின இடம். தப்பு ஏதாவது பண்ணியிருந்தாச் சொல்லுங்க."

"பண்ணிட்டு வர்றேன்," என்றார் சிஸ்டர்.

ஆனால் தண்டனை என்ன கடையில் கிடைக்கிற சாமானா? அதற்கும் சிபாரிசு வேண்டும். சிஸ்டருக்கு இருந்ததோ நேர்மாறான சிபாரிசு. வேண்டுமென்றே தாமதமாக வந்தார். கண்காணிப்பாளர் பதறிப்போய்த் தன் காரையே காலையில் அனுப்ப ஏற்பாடு செய்தார். மேலதிகாரியிடம் கத்திப் பேசினார். "உரிமையோட பேசறாங்க" என்று அவர் நெகிழ்ந்தார். கடைசியில் மந்திரி வார்டைப் பார்வையிட வந்த அன்று, அத்தனை கேமராவுக்கும் முன்னால் சிஸ்டர் கையை நீட்டி உரக்கச் சொன்னார்.

"ஐயா, இந்த வார்டுல கையுறை இல்ல, ரத்தம் நிக்கிற ஊசி இல்ல, கட்டில் இல்ல. பேர்ப்பலகை மட்டும் பளபளன்னு இருக்கு. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

கண்காணிப்பாளர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சிஸ்டர் மனதுக்குள் துணிமணிகளை எடுத்துவைக்கத் தொடங்கினார்.

மந்திரி கேமரா பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா? முந்தைய ஆட்சி இந்த ஆஸ்பத்திரியை எந்த நிலைமையில் விட்டுப் போயிருக்கிறது என்று இந்தச் சகோதரி எவ்வளவு துணிச்சலாக அம்பலப்படுத்துகிறார்! இவரைப் போன்றவர்கள்தான் நமக்கு வேண்டும்."

அந்த ஆண்டின் சிறந்த சேவைக்கான கேடயம் சிஸ்டருக்குக் கிடைத்தது. கொடுக்கும்போது மந்திரியும் கையுறை போட்டிருக்கவில்லை.

பிறகு அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. கூட்டணித் தலைவர்கள் இருவருக்குள், ஆம்புலன்ஸ் வண்டிகளில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் தகராறு. முடிவு தெரியும்வரை ஆம்புலன்ஸ்கள் வெளியே எடுக்கப்படவில்லை. முடிவு தெரியவும் இல்லை. சிஸ்டர் சந்தோஷத்தில் கணவருக்கு வடை சுட்டுக் கொடுத்தார். இனி மைக் எதிர்க்கட்சி. தானாகவே தண்டனை வந்து சேரும். தினமும் எழுத்தரிடம் போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார். மருந்துக்காரருக்கு வந்துவிட்டது, அவர் கிடங்குக்குப் போயும் சேர்ந்துவிட்டார். சிஸ்டருக்கு வரவில்லை.

விசாரித்தால் காரணம் தெரிந்தது. மைக் தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான நேரத்தில் தாவியிருந்தார். கவிழ்வதற்குக் கொஞ்சம் முன்னால். புது ஆட்சியில் அவருக்கு ஒரு வாரியமே தருவதாகப் பேச்சு.

சிஸ்டர் அவர் வீட்டுக்குப் போனார். கூடத்தில் மைக் கண்ணாடி முன் நின்று, அன்று சாயங்காலம் நடக்க இருந்த நன்றி அறிவிப்புப் பொதுக்கூட்டத்துக்குப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"என்னம்மா, எந்த ஆஸ்பத்திரி வேணும் சொல்லு. இப்ப நம்ம ராஜ்யம்."

"மாமா, உங்களால எனக்கு ஒரு தண்டனை வாங்கித் தர முடியுமா?"

அவர் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. காய்கறி வண்டியில் வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். குழந்தை எப்படிக் கிடந்தது என்று சொன்னார். பூட்டியிருந்த கதவைப் பற்றி அந்த மாமியார் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். "நீங்க வாங்கிக் கொடுத்த நியாயம் மாமா அது. எனக்கு வேணாம். திருப்பி எடுத்துக்குங்க."

அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் நிலவியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மைக் நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று மட்டும் கேட்டார்.

"பொண்ணு."

அவருக்குப் பெண் குழந்தை இல்லை. சாயங்காலம் மேடையேறினார். மந்திரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நன்றி சொல்லத்தான் ஆரம்பித்தார். பிறகு என்ன ஆயிற்றோ, ஆஸ்பத்திரிப் பக்கம் பேச்சு திரும்பியது. "பிறக்கப் போற பிள்ளைக்கு என்ன கட்சிடா? பதில் சொல்லுங்க!" என்று மந்திரிகளைப் பார்த்துக் கத்தினார். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அவருக்கு அது தேவைப்படவே இல்லை. நாலு தெருவுக்கும் கேட்டது.

வாரியம் போயிற்று. வீட்டில் மனைவி திட்டியபோது, "வாய் தவறிடுச்சு, ஒரு வேகத்துல வந்துடுச்சு" என்றார். எல்லோரும் நம்பினார்கள், நம்பும்படியான சரித்திரம் அவருக்கு இருந்தது. சிஸ்டர் மட்டும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலை, பத்திரிகை வருவதற்கு முன்னாலேயே சிஸ்டருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அந்த அரசாங்கம் அவ்வளவு வேகமாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை. எழுத்தர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

நிலையம் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் தண்ணீர் மோட்டாரில் இறங்கினார். சிஸ்டர் அறையைக் கழுவிவிட்டு, அடுத்த நாளே படகேறி அக்கரைக்குப் போனார். குழந்தையை இழந்தவள் வீட்டுக்குத்தான் முதலில். அவள் உள்ளே கூப்பிடுவாளா என்று பயந்துகொண்டே போனார். கூப்பிட்டாள்.

டாக்டர் தம்பதி திரும்பவில்லை. வெளிநாடு போய்விட்டார்கள் என்று கேள்வி. அறுவை சிகிச்சை என்றால் இப்போதும் பஸ்தான், இப்போதும் சிஸ்டருக்கு அன்று சோறு இறங்குவதில்லை. ஆனால் மருந்துக்காரர் தினமும் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறார். யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நிலையத்தின் ஆள்பலம் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே.

போன வாரம் ஒருநாள் படித்துக்கொண்டே கூவினார். "சிஸ்டர், கூட்டணியில விரிசல் விழுந்துடுச்சு! தலைநகரத்துல ஒரு பெரிய கண் டாக்டர், தப்பான கூட்டத்துல கைதட்டிட்டாராம். நம்ம பக்கம் தள்ளிவிடப் போறதாப் பேச்சு."

"கண் டாக்டரா?" என்றார் மெக்கானிக், மோட்டாருக்கு அடியிலிருந்து. "பிள்ளை பெத்துக்க வர்றவங்களுக்கு அவர் என்ன பண்ணுவார்?"

சிஸ்டர் ஊசிமருந்துக் குப்பிகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். "வரட்டும், வரட்டும். அக்கரையில பாதிப் பேருக்குக் கண்ணுல புரை. அவர் தங்குற ரூமுக்கு முதல்ல ஒரு ஃபேனைப் போட்டு வைங்க. பாவம், அழுதுக்கிட்டு வருவாரு."